தரம் 1-க்கு ஊரிலா, டவுனிலா?

தங்கச்சி, முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தை வேறொன்றோடு இணைக்கப் போகிறார்களாம், மகளை டவுனில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

டவுனில் விண்ணப்பம் கூடினால் வீட்டுத் தூரத்துக்குப் புள்ளி போடுவார்கள். அதைவிட வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் அந்தப் புள்ளியில் வெட்டுவார்கள். சொந்தக்காரர் முகவரி கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள், வீட்டுக்கும் வருவார்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவென்றால் படிப்பும் குறைவென்றில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேற்றை விடுங்கள். ஒரு நாள் காலையில் அங்கே போய்ப் பாருங்கள்: தரம் 1-க்குத் தனி ரீச்சர் இருக்கிறாவா, இல்லை தரம் 2-ஐயும் சேர்த்து ஒரே ஆள் இழுக்கிறாவா? எனக்கு அதுதான் முக்கியம்.

இணைப்பதென்றால், மாரியில் மற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வீதியால் பஸ் ஓடுமா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் எல்லாரும் கையெழுத்து வையுங்கள், பிரதியொன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.