மூடியைத் திறக்கும்போது பிட்டு எப்படி இருக்கிறது?

கேள்வி: என் மகன் தரம் 3 படிக்கிறான். காலை ஆறு மணிக்குச் சுடச்சுடப் பிட்டும் சம்பலும், இல்லாவிட்டால் இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுக்கிறேன். பத்தரை மணி இடைவேளைக்குப் பிறகும் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருகிறது. நூடில்ஸும் சொசேஜும் வைத்தால் பெட்டி வெறுமையாக வருகிறது. பட்டினி கிடப்பதைவிட அது மேல்தானே?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: மேல் இல்லை. பிள்ளைக்குப் பிட்டுப் பிடிக்காது என்று நீங்கள் எடுத்த முடிவும் பிழை. ஆறு மணிக்கு நீங்கள் ருசி பார்த்த பிட்டு அவனுக்குக் கிடைப்பதேயில்லை. நாலரை மணித்தியாலம் ஆறி இறுகிய பிட்டைத்தான் அவன் காண்கிறான். கை கழுவ, சாப்பிட, விளையாட எல்லாவற்றுக்கும் சேர்த்து அவனுக்கு இருப்பது சிறிய இடைவேளை. ஒருநாள் அதேபோன்ற பெட்டியில் உங்களுக்கும் ஒரு பங்கு போட்டு மூடி வையுங்கள். பத்தரைக்குத் திறந்து, சூடாக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

நூடில்ஸ் வெல்வது உப்பால் மட்டும் இல்லை. ஆறினாலும் அது மெதுமையாக இருக்கும், எண்ணெய் பூசியிருப்பதால் தொண்டையில் அடைக்காது, முள்ளுக்கரண்டியால் அள்ளிக் கெதியாகச் சாப்பிடலாம். இந்த மூன்றையும் பிட்டுக்குக் கொடுத்துவிட்டால் பிரச்சினையில் பாதி முடிந்தது.

அரிசி மா ஆற ஆற இறுகுவது அதன் இயல்பு. அதனால் சிவப்பரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் சமபங்கு எடுத்து, வழமையைவிடக் கொஞ்சம் ஈரமாகக் குழைத்துக் கொத்துங்கள். ஒரு கப் மாவுக்கு அரைக் கப் தேங்காய்ப்பூ. நீத்துப்பெட்டியில் அவித்து இறக்கியதும் அப்படியே கட்ட வேண்டாம். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சின்னதாக அரிந்த வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி துருவிய கரட், ஒரு கைப்பிடி முருங்கையிலை போட்டு வதக்கி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். முட்டை முழுதாக வெந்ததும் ஒரு கப் பிட்டைக் கொட்டிப் பிரட்டுங்கள். முருங்கையிலையில் ஒரு காம்பும் இருக்கக் கூடாது. காம்பு பல்லில் மாட்டினால் பிள்ளை அன்றோடு இலையையே வெறுத்துவிடும்.

சொதியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். தேங்காய்ப்பால் நம் வெக்கையில் புளிக்கும், ஊறிய இடியப்பம் களியாகும். இடியப்பத்தை உதிர்த்து லீக்ஸோடு தாளித்துக் கொடுங்கள், அல்லது உருளைக்கிழங்குப் பிரட்டல் வையுங்கள். பச்சைத் தேங்காய்ச் சம்பலும் நெடுநேரம் தாங்காது. ஒரேயொரு செத்தல் மிளகாயோடு தேங்காய்ச் சொட்டை வறுத்து இடித்த சம்பல் தாங்கும்.

இனி மூடி. பலரும் இதில்தான் பிழை விடுகிறார்கள். ஆவி பறக்கப் பறக்கப் பெட்டியை மூடினால் ஆவி தண்ணீராகிச் சாப்பாட்டின் மேல் வடியும். மேலே நசநசப்பு, உள்ளே சூடு. கிருமி பெருக அது போதும். றப்பர் வளையம் வைத்த பெட்டியென்றால் இன்னொரு தொல்லை. உள்ளே காற்று ஆறிச் சுருங்க மூடி இறுகிப் பிடிக்கும், எட்டு வயதுக் கையால் திறக்க முடியாது. கேட்க வெட்கப்பட்டு அப்படியே கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. தட்டில் பரப்பி, சுத்தமான துணியால் மூடி, கால் மணித்தியாலம் ஆறவிட்டுப் பிறகு பெட்டியில் போடுங்கள். இரவுக் கறியை வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததாக இருக்க வேண்டும். காலையில் ஆவி வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை சைவமென்றால் முட்டைக்குப் பதில் கடலை அல்லது கௌப்பி. முதல்நாள் இரவே எட்டு மணித்தியாலம் ஊறப்போட்டு, விரலால் நசுக்கினால் மசியுமளவு அவியுங்கள். தண்ணீரை முழுதாக வடித்து வெங்காயம், கறிவேப்பிலையோடு தாளியுங்கள். கூடவே ஒரு கொய்யாத் துண்டு வையுங்கள். கொய்யாவிலுள்ள விற்றமின் சி, தானியத்திலும் கடலையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும். போத்தலில் தேத்தண்ணி அனுப்பினால் அதே இரும்புச்சத்தைத் தேயிலை தடுக்கும். தண்ணீர் போதும்.

சொசேஜை நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015இல் வகைப்படுத்தியது. கிழமையில் ஐந்து நாளும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் சாமான் அது இல்லை. நூடில்ஸைச் சனிக்கிழமை வீட்டில் கொடுங்கள், மசாலைப் பைக்கற்றில் பாதி போட்டு, இரண்டு கைப்பிடி மரக்கறியும் சேர்த்து.

அளவையும் குறையுங்கள். முட்டைப் பிட்டு ஒரு கப், ஒரு கதலிப்பழம். தரம் 3 பிள்ளைக்கு அந்த இடைவேளையில் அவ்வளவுதான் முடியும். பெட்டி நிறைய இருந்தால் பார்த்ததுமே மலைப்பு வரும்.

முதல் இரண்டு கிழமை, மிச்சம் வந்தால் ஏசாதீர்கள், எது மிச்சம் என்று பாருங்கள். எல்லாமே அரைவாசி என்றால் அளவு கூட. கடலை மட்டும் என்றால் அவியல் காணாது. பிட்டு கட்டியாகக் கிடந்தால் மாவுக்குத் தண்ணீர் போதவில்லை. வாழைப்பழம் மட்டும் திரும்பினால் காம்பு அவனுக்கு உரிபடவில்லை. காலையில் நுனியை நீங்களே கொஞ்சம் கீறிவிடுங்கள்.