எட்டு நிமிட மேட்ச்சை முன்கூட்டியே படிப்பது எப்படி: எஃப்சி கேள்வி பதில்

இஏ எஃப்சி (முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்த கால்பந்து வீடியோ கேம்) ஆட்டங்களைப் பார்த்து, ஆடி, நண்பர்களின் போட்டிகளுக்கு முன்னோட்டம் எழுதி வருகிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பந்தயம் கட்ட டிப்ஸ் மட்டும் கேட்காதீர்கள்.

கே: இன்று ராத்திரி ரியல் மாட்ரிட் – மான்செஸ்டர் சிட்டி, எட்டு நிமிட இ-சாக்கர் மேட்ச். யார் ஜெயிப்பார்கள்?

ப: சட்டையைச் சொன்னீர்கள், கன்ட்ரோலர் பிடிக்கிற ஆளைச் சொல்லவில்லையே. இந்த எட்டு நிமிட ஆட்டங்களில் அணியின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு புனைபெயர் இருக்கும், ஆடுவது அவர்தான். அரை மணி நேரம் கழித்து அதே ஆள் பேயர்னை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். எம்பாப்பேயும் ஹாலண்டும் அவர் கைக்குக் கிடைத்த கருவிகள், அவ்வளவுதான். மாட்ரிட் நிஜத்தில் போன வாரம் தோற்றதா, பயிற்சியாளர் மாறினாரா என்பதெல்லாம் இங்கே ஒரு பைசாவுக்கு உதவாது. ஜெர்மனியின் விபிஎல் (விர்ச்சுவல் புண்டஸ்லிகா) என்ற எஃப்சி போட்டியில் எல்லா வீரர்களுக்கும் ஒரே மாதிரி 85 மதிப்பெண் கொடுத்து ஆடவிட்டார்கள், அணி எதுவாக இருந்தாலும் சமம். அந்த முறையில் ஆடினால் சட்டை வெறும் நிறம்தான்.

கே: ஒரு ஆப்பில் 'விர்ச்சுவல் ஃபுட்பால்' என்று சில நிமிடத்துக்கு ஒரு மேட்ச் ஓடுகிறது. அதற்கும் டாக்டிக்ஸ் முன்னோட்டம் எழுத முடியுமா?

ப: முடியாது. அதை யாரும் ஆடுவதில்லை. ஒரு நிரல் சமவாய்ப்பு எண்ணை எடுத்து முடிவைத் தீர்மானிக்கும், நீங்கள் பார்க்கும் கோல் அந்த முடிவுக்கு ஒட்டிய படம். அதற்கு 'கடைசி ஐந்து ஆட்டங்களில் நான்கு வெற்றி' என்று பட்டியல் போட்டு, ஃபார்மேஷன் வரைந்து முன்னோட்டம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முந்தைய முடிவுக்கும் அடுத்த முடிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்புறம் இன்னொன்று: 2025 ஆகஸ்டில் வந்த இந்திய ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை ஒரு பக்கமும் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து மறுபக்கமும் வைக்கிறது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு ஆப்பைத் திறங்கள்.

கே: எங்கள் கல்லூரியில் எஃப்சி 25 இறுதிப் போட்டி. ஒருவன் 4-2-3-1, லைன் (டிஃபெண்டர்கள் எவ்வளவு முன்னேறி நிற்பார்கள் என்ற அளவு, உச்சம் 100) 35 அளவில் கீழே வைத்து, பந்தைப் பிடித்து ஆடுவான். என் நண்பன் 4-4-2, அக்ரெசிவ் பிரஸ் (எதிராளியிடம் பந்து இருக்கும்போதே மேலே போய் நெருக்குவது), லைன் 90. பாதிக்கு ஆறு நிமிடம், ஒரே மேட்ச். எப்படிப் போகும்?

ப: இதுதான் கேள்வி! கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் 20 நிமிடம் (கடிகார நிமிடம் இல்லை, ஆட்ட நிமிடம்) உங்கள் நண்பனுடையதாக இருக்கும். அவனுடைய இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் எதிராளியின் இரண்டு சென்டர்பேக் மேல் போய் நிற்பார்கள், விங்கில் இருக்கும் மிட்ஃபீல்டர்கள் ஃபுல்பேக்குகளை நெருக்குவார்கள். பின்னாலிருந்து பந்தை எடுத்து வர முயல்கிறவன் இரண்டு மூன்று முறை பதறிப் பாஸ் தவறவிடுவான். அதில் ஒன்றையாவது கோலாக்கிவிட்டால் கதை வேறு.

ஆனால் நடுவில் கணக்கைப் பாருங்கள். 4-2-3-1இல் இரண்டு தற்காப்பு மிட்ஃபீல்டர், அவர்களுக்கு முன்னால் ஒரு அட்டாக்கிங் மிட்ஃபீல்டர், ஆக மூன்று பேர். 4-4-2இல் நடுவில் இரண்டே பேர். முதல் பிரஸ்ஸைத் தாண்டி ஒரு பாஸ் போய்விட்டால் அந்த மூன்றாவது ஆள் தனியாக நிற்பான், அவனுக்கு எதிரே உங்கள் நண்பனின் நான்கு டிஃபெண்டர்களும் கிட்டத்தட்ட நடுக்கோட்டில், அவர்களுக்குப் பின்னால் வெறும் புல்.

அதனால் இந்த மேட்ச் ஃபார்மேஷனில் இல்லை, உங்கள் நண்பன் தற்காக்கும்போது எந்த வீரனைக் கையில் வைத்திருக்கிறான் என்பதில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஸ்ட்ரைக்கரை வைத்தே பந்தைத் துரத்துவார்கள், பார்க்க ஆவேசமாக இருக்கும், நடு வழி திறந்து கிடக்கும். கொஞ்சம் தேறியவர்கள் ஒரு மிட்ஃபீல்டரை எடுத்து, எல்2 பட்டனைப் பிடித்து ஜாக்கி செய்தபடி (எதிராளியைப் பார்த்தபடியே மெதுவாக நகர்ந்து), அந்த அட்டாக்கிங் மிட்ஃபீல்டருக்குப் போகும் பாஸ் வழியில் நிற்பார்கள். பந்தைப் பிடுங்க வேண்டியதே இல்லை, நின்றால் போதும். மூன்றாவது வகை பதற்றத்தில் சென்டர்பேக்கை வெளியே இழுத்து வருவது. அவன் விட்டு வந்த ஓட்டையில் விங்கர் ஓடினால் முடிந்தது. அரையிறுதியின் வீடியோ இருந்தால் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், அவன் இப்போது யாரை இயக்குகிறான் என்று காட்டும், வீரர் தலைக்கு மேல் இருக்கும் அந்த முக்கோணக் குறியை மட்டும் பாருங்கள். நான் முன்னோட்டம் எழுதுவதே அந்தக் குறியை வைத்துத்தான்.

அடுத்தது மூச்சு. அக்ரெசிவ் பிரஸ் ஸ்டாமினாவைத் தின்னும், 65, 70 வாக்கில் ஸ்ட்ரைக்கர்களும் விங் மிட்ஃபீல்டர்களும் கால் இழுத்துக்கொண்டு நடப்பார்கள். மாற்று வீரர்களை 60க்கே இறக்கும் பழக்கம் நண்பனுக்கு உண்டா? இல்லையென்றால் கடைசி 20 நிமிடம் எதிராளிக்கு இலவசம். ஆறு நிமிடப் பாதியில் ஒரு ஆட்ட நிமிடம் என்பது 8 வினாடி. பந்தைப் பிடித்து ஆடத் தெரிந்தவன் 40 வினாடி பாஸ் சுற்றினால் ஐந்து நிமிடம் காலி. அவன் முதல் கோல் போட்டால் இவனுக்குத் திரும்பி வர நேரமே கிடைக்காது.

நண்பனுக்கு நான் சொல்வது: முதல் 20 நிமிடம் 90இல் வைத்து அழுத்து, அப்புறம் லைனை 60க்கு இறக்கிவிடு. இரண்டாவது டாக்டிக்கை முன்பே தயார் செய்து டி-பேடில் (கன்ட்ரோலரின் திசை பட்டன்களில்) வைத்துக்கொள், ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குள் போய்த் தேடாதே. தாக்கும்போது நேராக பாக்ஸுக்குள் ஓடாதே, அங்கே நான்கு டிஃபெண்டர், இரண்டு மிட்ஃபீல்டர், நெரிசல். விங்கில் கோல் கோடு வரை போய்ப் பின்னால் கொடு. எதிராளி அந்தக் கட்பேக்கை அடைக்கத் தன் தற்காப்பு மிட்ஃபீல்டரைக் கையில் எடுத்து வந்து நிற்கிறான் என்றால், தூரத்து ஃபுல்பேக்கை அந்த நேரம் கணினிதான் பார்த்துக்கொள்கிறது, அவன் தலைக்கு மேல் தூக்கிப் போடு.

என் கணிப்பு 2-1, 4-2-3-1 பக்கம். நண்பன் கோபித்துக்கொள்ளட்டும்.

கே: யார் ஜெயிப்பார்கள் என்று மேலே கேட்ட அதே மேட்ச். குறைந்தது எத்தனை கோல் விழும் என்றாவது சொல்லுங்கள்.

ப: முடியாது. இது பந்தயக் கேள்வி.

கே: டாக்டிக்ஸ் எல்லாம் சும்மா சார். 88ஆவது நிமிடத்தில் யார் கோல் போட வேண்டும் என்று கேமே முடிவு செய்கிறது. ஸ்கிரிப்டிங்.

ப: அப்படியானால் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப இறுதிக்கு வருவது எப்படி? சவுதி அரேபியாவின் மொசாத் அல்தோசரி 2018இல் லண்டனில் இந்த கேமுக்கான ஃபிஃபா இ-உலகக் கோப்பையை ஜெயித்தார், அடுத்த வருடமும் இறுதிக்கு வந்தார்.

கே: (அதே நண்பர்) இஏ-விடம் காப்புரிமையே இருக்கிறது. ஆடுகிறவரின் திறமையைப் பார்த்துக் கடினத்தை மாற்றும் தொழில்நுட்பம். வழக்கும் போட்டார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ப: காப்புரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆய்வுக் கட்டுரையும் இருக்கிறது, 2017இல் வந்தது, ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தது மூன்று மூன்றாகச் சேர்க்கும் மொபைல் புதிர் விளையாட்டில். வழக்கு 2020 நவம்பரில் கலிபோர்னியாவில் போடப்பட்டது. நிறுவனம் தன் பொறியாளர்களோடு பேசவும் தொழில்நுட்ப விவரங்களைப் பார்க்கவும் அனுமதித்த பிறகு, 2021இல் வழக்குப் போட்டவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். இதில் 'வழக்கு போட்டார்கள்' என்ற பாதி மட்டும் எல்லார் வாயிலும் ஓடுகிறது, பின்பாதி ஓடுவதில்லை. கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம், கார்டு பாக்கெட் விற்கும் விதத்தைப் பற்றி அவர்களைத் திட்ட எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் குற்றச்சாட்டு வேறு, நிரூபணம் வேறு.

கே: (இன்னொருவர், நடுவில் புகுந்து) அவர் சொல்வது சரிதான். நேற்று எனக்கு மூன்று முறை பந்து கம்பத்தில் பட்டது, எதிராளி ஒரே ஷாட், கோல். விளக்குங்கள்.

ப: கம்பத்தில் பட்ட மூன்றும் எந்தக் கோணத்தில் அடித்தவை, எந்தக் காலில், உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, ஓடிக்கொண்டே அடித்ததா நின்று அடித்ததா? ரீப்ளேயைப் பார்த்துவிட்டு வாருங்கள். எதிராளி 80 நிமிடம் கட்டிப்போட்டு ஒரே ஒரு நல்ல வாய்ப்பை உருவாக்கி அடித்தார் என்றால் அது திறமை. நிஜ ஃபுட்பாலிலும் இப்படி நடக்கும்போது ரெஃப்ரியைத் திட்டுகிறோம், இங்கே ரெஃப்ரி கிடைக்காததால் நிரலைத் திட்டுகிறோம்.

கே: (முதல் நண்பர்) ஆக, மொமெண்டம் (ஆட்டத்தின் நடுவே கேம் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகத் திரும்புவது) என்று ஒன்றே இல்லை என்கிறீர்களா?

ப: இருக்கிறது, உங்கள் கட்டைவிரலில். கோல் வாங்கினதும் அடுத்த கிக்-ஆஃபில் வேகமாகப் போக வேண்டும் என்று ஸ்பிரிண்ட் பட்டனை விடாமல் அழுத்துவீர்கள், வீரன் தொடுதல் கெடும், பந்து போகும், இரண்டாவது கோல். அதை எதிராளி எதிர்பார்த்துக் காத்திருப்பான். ஒரு ஆள் கோல் வாங்கிய பிறகு வரும் இரண்டு நிமிடத்தில் என்ன செய்கிறான் என்பது முன்னோட்டத்தில் தனியாக எழுத வேண்டிய விஷயம். இதோடு இந்தப் பேச்சு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: பெரிய மேட்ச்சில் முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டிய விஷயம் என்று ஒன்று சொல்லுங்களேன்.

ப: 2019 இ-உலகக் கோப்பை இறுதி. ஜெர்மனியின் முகமது ஹர்கூஸ், மோஆபா என்ற பெயரில் ஆடுகிறவர், எதிரே அல்தோசரி. ஹர்கூஸ் பிளேஸ்டேஷன்காரர், அல்தோசரி எக்ஸ்பாக்ஸ்காரர், இறுதியில் இரண்டு மெஷினிலும் ஒவ்வொரு ஆட்டம். எக்ஸ்பாக்ஸில் 1-1, பிளேஸ்டேஷனில் ஹர்கூஸ் 2-1, மொத்தம் 3-2, பரிசு 2,50,000 டாலர். அந்த மேட்ச்சுக்கு முன் ஃபார்மேஷனைப் பற்றி எவ்வளவு பேசினாலும், எதிராளியின் மெஷினில் ஹர்கூஸ் தோற்காமல் தப்பிப்பாரா என்பதுதான் முதல் கேள்வி. தப்பித்தார். ஆனால் இதை விதியாக்கிவிடாதீர்கள், முந்தைய வருடம் இதே அல்தோசரி பெல்ஜியத்தின் ஸ்டெபனோ பின்னாவை இரண்டு மெஷினிலும் 2-0, 2-0 என்று அடித்தார்.

கே: இ-ஃபுட்பால் மொபைலில் எந்த ஃபார்மேஷன் நல்லது?

ப: அது கொனாமியின் ஆட்டம், நான் ஆடுவதில்லை. அதை ஆடுகிறவரைக் கேளுங்கள்.

கே: பையன் பிளஸ் டூ. இதிலேயே போகிறேன் என்கிறான். எதிர்காலம் உண்டா?

ப: ஆட்டத்துக்கு அங்கீகாரம் உண்டு. 2022 டிசம்பரில் இந்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஃபிஃபா ஆன்லைன் 4 பதக்கப் போட்டியாகவே நடந்தது, தாய்லாந்து தங்கம் வாங்கியது. பிழைப்புக்கு உத்தரவாதம் உண்டா என்றால், இல்லை. வருடா வருடம் புது எஃப்சி வரும், போன வருடம் கோல் தந்த வித்தையை இந்த வருடம் செல்லாததாக்கிவிடுவார்கள். பரீட்சை முடியட்டும் அம்மா, அதுவரை வார இறுதியில் ஆடட்டும்.

கே: அண்ணா, ராத்திரி மேட்ச், மாட்ரிட்டா சிட்டியா?

ப: மேலே படியுங்கள் தம்பி.

கே: அண்ணா பிளீஸ், ஒரு வார்த்தை.

ப: இல்லை.

கே: கல்லூரி இறுதி பற்றிக் கேட்டவன்தான். பெனால்டி வரை போனால்?

ப: ஃபிஃபா 23இலிருந்து பந்தைச் சுற்றி ஒரு வட்டம் விரிந்து சுருங்கும், அது சிறிதாக இருக்கும் நேரத்தில் அடித்தால்தான் குறி தப்பாது. அவசரப்படுகிறவன் வட்டம் பெரிதாக இருக்கும்போதே அடித்துவிடுவான். எதிராளியின் பழைய பெனால்டிகளில் முதல் அடி எந்தப் பக்கம் என்று பாருங்கள், பலருக்கு ஒரு பக்கம் பழகிப்போயிருக்கும், அழுத்தத்தில் அங்கேயே அடிப்பார்கள். கோல்கீப்பரை உங்கள் நண்பனே நகர்த்தட்டும், ஆனால் அடிக்கும் முன்பே ஒரு பக்கம் போய் நின்றுவிட வேண்டாம்.

அப்புறம், அரங்கில் டிவி வைத்துத்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் ஆட்டத்துக்கு முன்பே போய் அதில் கேம் மோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே தாமதம் வரும், இரண்டு பேருக்கும் அதே தாமதம்தான் என்றாலும் நேரம் பார்த்து டாக்கிள் போடுகிற உங்கள் நண்பனுக்குத்தான் அது அதிகம் வலிக்கும்.