சாஸில் கட்டி தட்டினால் புது மிக்சர் வாங்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு பொம்மசந்திராவில் சிறிய அளவில் மிளகாய் சாஸ் தயாரிக்கிறோம். 300 லிட்டர் தொட்டியில் சாஸைக் கெட்டியாக்கும் சாந்தன் கம் பொடியைப் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கிறது. வெந்நீரில் போட்டும் தீரவில்லை. 6 லட்சத்துக்கு ஹை ஷியர் மிக்சர் (அதிவேகத்தில் சுழன்று கட்டிகளை உடைத்துக் கலக்கும் இயந்திரம்) வாங்கச் சொல்கிறார் ஏஜெண்ட். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டினால் என்ன ஆகும்? அதேதான் இங்கும். பொடியின் வெளிப்புறம் நனைந்ததும் வழவழவென்று தோல் கட்டிவிடும். உள்ளே தண்ணீர் போகாது. மிதக்கும் கட்டி ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், நடுவில் காய்ந்த மாவு இருக்கும்.

ஒரு கிலோ கம்மைப் பத்து கிலோ சர்க்கரையோடு உலர்வாகவே கலந்து, ஸ்டிரர் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். தொட்டித் தண்ணீர் மொத்தமாக ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்றால் அது சுற்றல், கலக்கல் அல்ல. ஸ்டிரரின் ஷாஃப்டை (சுழலும் தண்டை) நடுவிலிருந்து சற்று விலக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். உப்பும் வினிகரும் கம் நன்றாக ஊறிய பிறகுதான். முன்பே போட்டால் ஊறுவதற்கு நேரம் இழுக்கும்.

வெந்நீர் யோசனை யார் சொன்னார்களோ, அவர்கள் மெத்தில் செல்லுலோஸ் வகைப் பொடியைக் கையாண்டவர்களாக இருக்க வேண்டும். அது சூட்டில் கரையாது. அதனால் வெந்நீரில் கட்டி தட்டாமல் பரவும், ஆறும்போது கரையும். சாந்தன் கம் சூடானாலும் பச்சைத் தண்ணீரானாலும் கரையும், சூட்டில் தோல் இன்னும் சீக்கிரம் கட்டும். ஆகவே அந்த வித்தை அந்தப் பொடிக்கு மட்டும். உங்களுக்கு இல்லை, இல்லவே இல்லை.

அப்புறமும் மிக்சர்தான் வேண்டும் என்றால், டெமோவுக்கு உங்கள் கம்மையே எடுத்துப் போங்கள். இல்லையென்றால் வெறும் தண்ணீரைச் சுழற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அடுத்து காந்த நாடகம். ஏஜெண்ட் மிக்சர் மேல் காந்தத்தை வைத்து, "பாருங்க சார், ஒட்டலை, 304" என்பார். 304, 202, 316 எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கிரேடுகள். மட்டமான 202-உம் ஒட்டாது! அசல் 304 மடித்த இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும். உப்பும் புளிப்பும் உள்ள சாஸுக்கு 316 கேளுங்கள். பில்லில் கிரேடை எழுதி வாங்கி, பீன்யா பக்கம் உள்ள உலோகப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் காட்டிவிட்டுப் பாக்கியைக் கொடுங்கள்.

கடனுக்குப் போனால் வங்கி மூன்று கொட்டேஷன் கேட்கும். மூன்றையும் அதே ஏஜெண்டே வெவ்வேறு லெட்டர்ஹெட்டில் கொண்டுவந்து தருவார், ஃபைலும் நகர்ந்துவிடும். இந்த இயந்திரம் உங்களுக்குத் தேவையா என்று அங்கே ஒருவரும் கேட்கப்போவதில்லை. முதலில் பத்து லிட்டர் வாளியில் சர்க்கரை முறையைச் செய்து பாருங்கள். அரை மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். வடிகட்டியில் எதுவும் நிற்கவில்லை என்றால் ஏஜெண்டுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.