கட்டுக்காசும் கவலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் வாழைச்சேனைப் பக்கம். வீட்டுக்காரர் கூலி வேலை, வேளாண்மை வெட்டு முடிந்தால் கையில் ஒன்றும் இல்லை. குழுக்கடன் எடுத்து ஆடு வாங்கினோம், இரண்டு செத்துப்போச்சு. அந்தக் கடனைக் கட்ட இன்னொரு இடத்தில் லோன் எடுத்திருக்கிறேன். இப்போது கிழமைக்கு இரண்டு கட்டு, இரண்டு இடத்துக்கும் தவணைக் காசு. ஜெபக்கூட்டத்தில் அழுது சொன்னேன். மறுகா ஒரு சகோதரி, "கவலைப்படுறது அவிசுவாசம், மத்தேயு ஆறை வாசியுங்க" என்றார். வாசித்தேன். நித்திரை மட்டும் வரவில்லை. நான் விசுவாசம் இல்லாதவளா?

பதில்: இல்லை மகள். கட்டுக் கேட்டு வருகிறவர் காசு வாங்காமல் எழும்பமாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்டவேண்டும் என்று தெரிந்திருக்கும்போது, நித்திரை வராதது மனுஷ சுபாவம்.

மத்தேயு ஆறைத் திரும்ப வாசியுங்கள், ஆனால் கவலைப்படாதிருங்கள் என்று தொடங்கும் 25ஆம் வசனத்திலிருந்து இல்லை, 11இலிருந்து. 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று ஜெபத்தில் கேட்கச் சொல்லிக்கொடுத்த இயேசுதான் பிறகு கவலைப்படாதிருங்கள் என்கிறார். அன்றைய கூலியை அன்று பின்னேரம் வாங்கிச் சமைக்கிற சனம் அவருக்குத் தெரியாத சனமா? உங்களுக்கு இது ஒன்றும் தேவையில்லை என்றும் அவர் சொல்லவில்லை. இவையெல்லாம் வேண்டும் என்று பரமபிதா அறிந்திருக்கிறார் என்பது 32ஆம் வசனம். இன்றைக்குக் கட்டவேண்டியதை யோசிப்பதை அவர் குற்றம் சொல்லவில்லை, நாளைக்கு வரப்போகிற பயத்தையும் இன்றைக்கே இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறார். அதுவும் லேசான காரியம் இல்லை, எனக்கும் தெரியும்.

உங்களுக்கு மத்தேயுவைவிட 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம் இப்போது உதவும். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் இருந்த ஒருவரின் விதவை, கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துப்போக வந்துவிட்டான் என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் ஓலமிடுகிறாள். அவள் புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவர், இருந்தும் கடன் வைத்துவிட்டுத்தான் செத்தார். கடன்பட்ட வீடெல்லாம் விசுவாசம் இல்லாத வீடு என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது. எலிசா அவளைக் கண்டிக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அயல்வீடுகளில் வெறும் பாத்திரம் இரவல் வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்கிறார். எண்ணெய் பெருகியபின் விற்று, முதலில் கடனைத் தீர்க்கச் சொல்கிறார், மீதியில்தான் சீவனம். அற்புதம் தேவனுடையது, பாத்திரம் அயலவருடையது, விற்கப் போனது அவள்.

ஆகவே மூன்றாவது லோன் எடுக்கவேண்டாம், என்ன நடந்தாலும். எந்த இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று கொப்பியில் எழுதுங்கள், கட்டு அட்டைகளைப் பத்திரமாக வையுங்கள். கட்டைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், தனியே போகாமல் போதகரையோ சபை மூப்பரையோ கூட்டிப் போங்கள். 2016இல் நுண்நிதிக்கென்று, அதாவது இப்படியான சிறு கடன்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது, அனுமதிப்பத்திரம் உள்ள கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உண்டு. உங்களுக்குக் கடன் தந்தவர்கள் அதில் இருக்கிறார்களா என்று படித்த பிள்ளை யாரையாவது கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரிக்கும் ஒரு வார்த்தை: யாக்கோபு 2:15, 16. சாப்பாடில்லாதவரைப் பார்த்து, ஒன்றும் கொடுக்காமல், சமாதானத்தோடே போங்கள் என்று சொன்னால் பிரயோசனம் என்ன என்று அங்கே கேட்டிருக்கிறது.

கேள்வி: திருக்கோவில் ஊரில் இருந்து எழுதுகிறேன். சீட்டுப் போடுகிறேன், வயலுக்குக் காப்புறுதியும் எடுத்திருக்கிறேன். கர்த்தரை நம்பினால் இது ஏன் என்று மகன் கேட்கிறான்.

பதில்: யோசேப்பு வரப்போகிற பஞ்சத்துக்கென்று ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தான், மகனுக்கு ஆதியாகமம் 41 காட்டுங்கள். லூக்கா 12இல் வருகிற ஐசுவரியவானும் களஞ்சியம் கட்டத்தான் நினைத்தான், ஆனால் அவன் பேச்சு முழுக்க 'என் தானியம், என் பொருள், என் ஆத்துமா'. வெள்ளம் வந்து பெரும்போகம் அழிந்ததைக் கண்ட ஊரில் காப்புறுதி எடுப்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. சீட்டுப் பிடிக்கிறவர் நம்பிக்கையான ஆளா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: கட்டுக்காசைக் காணிக்கையாக 'விதைத்தால்' கடன் மொத்தமாக நீங்கும் என்று கூட்டத்துக்கு வந்த ஊழியர் சொல்கிறார். கொடுக்கலாமா? (கல்முனை வாசகி)

பதில்: கொடுக்கவேண்டாம். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', காணிக்கை என்று சொல்லித் தப்பிக்கொண்டவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்று மாற்கு 7இல் இருக்கிறது. இன்னொருவருக்குக் கட்டவேண்டிய காசு உங்கள் காணிக்கை ஆகாது. ஆலயத்தில் ஏழை விதவை போட்ட இரண்டு காசைக் காட்டி அந்த ஊழியர் வாதாடினால், அது அவளுடைய சொந்தக் காசு என்று சொல்லுங்கள். பிறகும் விடாவிட்டால் இந்தப் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள், கோபம் என்மேல் வரட்டும்.