ஐஸ் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ

கேள்வி: நான் திருச்சியில் பிறந்தவள். கல்யாணமாகி 14 வருடமாக ஜோகன்னஸ்பர்கில் இருக்கிறேன். கணவர் தென்னாப்பிரிக்கத் தமிழர். அவருடைய அம்மா, 71 வயது, நட்டாலில் உம்சிண்டோவுக்குப் பக்கத்தில் கரும்புக்காட்டை ஒட்டிய பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு ஜூலையும் குளிர்கால விடுமுறைக்கு அங்கே போகிறோம். சார்டின் மீனுக்கு ஓடுவதும், தன்னி சீட்டு ஆடுவதும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதுமாக ஊரே கலகலவென்று இருக்கிறது. எங்களுக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. 12 வயது மகனும் 9 வயது மகளும் இரண்டாம் நாளே 'போர்' என்கிறார்கள். மாமியாரும் அதிகம் பேசுவதில்லை. யாருக்கும் தொல்லை கொடுக்கக்கூடாது என்று மூன்று வாரச் சாப்பாட்டையும் சமைத்து, உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோகிறோம். கூழ் அன்றுகூட வரிசையில் நின்று டப்பாவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். பிள்ளைகளுக்குக் கிராமத்து வாழ்க்கை பிடிக்க என்ன செய்யலாம்?

— பெயர் வேண்டாம், ஜோகன்னஸ்பர்க்

பதில்: அன்பு மகளுக்கு,

பிள்ளைகளுக்கு ஊர் பிடிக்கவில்லை என்ற கடிதம் விடுமுறைதோறும் கட்டுக்கட்டாக வருகிறது. போனைப் பிடுங்கி வை, கடற்கரைக்குக் கூட்டிப் போ என்று எழுதுவேன் என நினைத்திருப்பாய். அதையெல்லாம் விடு. அந்த ஐஸ் பெட்டியைப் பற்றிப் பேசுவோம்.

மூன்று வாரச் சாப்பாடு! 600 கிலோமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு போய், மாமியார் வீட்டு ஃப்ரீசரில் டப்பா டப்பாவாக அடுக்குகிறாய். அதில் ஏற்கெனவே அவர் வைத்திருந்ததை எங்கே எடுத்து வைத்தாய்? போய் இறங்கிய முதல் நாளே அந்த அம்மாவின் அடுப்பை அணைத்துவிட்டாய். வருஷம் முழுக்க ஒற்றை ஆளுக்கு ஒரு பிடி அரிசி போட்டுச் சாப்பிடுகிறவர், மகனும் பேரப்பிள்ளைகளும் வந்திருக்கும்போது மைக்ரோவேவ் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் 'அதிகம் பேசுவதில்லை' என்று எனக்கு எழுதுகிறாய். என்ன பேசுவார்?

வயதானவருக்குச் சிரமம் வேண்டாம் என்பாய். அவரைக் கேட்டாயா? காய் நறுக்க நீ இருக்கிறாய், பாத்திரம் தேய்க்க உன் கணவர் இருக்கிறார். உட்கார்ந்தபடி உப்பு, புளி சொல்ல 71 வயதில் முடியாதா?

தொல்லை கொடுக்காத வீட்டுக்குத் தொல்லை கொடுக்கவும் யாரும் வரமாட்டார்கள். 'ஒரு கை பிடிங்கண்ணா' என்று பக்கத்து வீட்டுக்காரர் உன் கணவரை ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கிறாரா? 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவந்து இறக்கியவர்களும், அதன்பின் 1911 வரை கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களும், அண்ணன் தம்பியை இந்தியாவில் விட்டுவிட்டு வந்த ஜனங்கள். பக்கத்து வீட்டாரிடம் உப்பும் மிளகாயும் வாங்கித்தான் அவர்களை உறவாக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்குள் நீ கட்டுச்சோற்றோடு போய் இறங்குகிறாய்.

சார்டினையே எடுத்துக்கொள். குளிர்காலத்தில் கேப் பக்கமிருந்து குளிர்ந்த நீரோடு ஏறிவரும் கூட்டம், ஸ்காட்பர்க், பார்க் ரைனி பக்கம் கரையை ஒட்டி வரும். மேலே பறவைகள் தலைகுப்புற விழும், பின்னாலேயே சுறா. வலையை இழுத்ததும் ஜனங்கள் பக்கெட்டோடு ஓடுவார்கள். சில வருடம் வராமலே ஏமாற்றும், அது வேறு. வந்தால் நீ என்ன செய்வாய்? உன் ஃப்ரீசரில்தான் இடமே இல்லையே! ஒரு பக்கெட் மீனை வாங்கு. வாசலில் பேப்பரை விரித்து மகனை உட்கார வை. செதில் சுரண்டிக் குடல் எடுக்க அவனுடைய பாட்டி சொல்லிக்கொடுக்கட்டும். கை நாறும், நாறட்டும். புளியும் தக்காளியும் பூண்டும் போட்டு மாமியார் குழம்பு வைத்ததும், பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்துப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பு. அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பாது. உப்புப் போட்டு அவித்த மடும்பிக் கிழங்காவது (நம் சேப்பங்கிழங்குதான்) வரும்.

தன்னி ஆட நாலு பேர் வேண்டும், 24 சீட்டுப் போதும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11. ராஜா வெறும் 3! பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு சாயங்காலத்தில் பிடித்துக்கொள்வான். கிண்ணம் கொண்டுபோன வீட்டிலிருந்தே ஜோடிக்கு ஆள் கிடைக்கும்.

வெட்டுவதற்கு முன் கரும்பைக் கொளுத்தும்போது கரித்துகள் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் ஒட்டும், பார்த்திருப்பாய். அப்போது ஓடிப்போய்த் துணியை அள்ளுவது யார்? மாமியார்தானே? இனி அது மகள் வேலை. அந்த வீட்டில் உன் பிள்ளைகளுக்கு ஒரு வேலைகூட இல்லை, 'போர்' அடிக்காமல் என்ன செய்யும்?

கூழை டப்பாவில் வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. உனக்கு அது பார்சலா? மீலி (மக்காச்சோள) மாவைப் புளிக்க வைத்தது யார், விடியுமுன் அடுப்பு மூட்டியது யார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாயா? ஆடி பிறந்து முதல் கூழுக்கு முந்தின நாள் சாயங்காலமே கோயிலுக்குப் போ. பூசணிக்காய் குவிந்து கிடக்கும். அந்தச் சாம்பல் தோல் லேசில் சீவ வராது, உள்ளங்கை கன்றிப்போகும். யாரும் கூப்பிடவில்லையே என்று நிற்காதே, கத்தியோடு போய் உட்கார். அரை மணி நேரத்தில் 'நீ யார் வீட்டு மருமகள்?' என்று ஒரு கிழவி கேட்பாள். மாமியார் பெயரைச் சொல். அவரைப் பற்றி நீ கேள்விப்படாத நாலு கதை அன்றைக்கே கிடைக்கும்.

உன் கணவருக்கும் ஒரு வார்த்தை. வயதான அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வருஷத்துக்கு மூன்று வாரம் வருகிற மகன், அந்த மூன்று வாரமும் அம்மா கையால் சாப்பிட வேண்டும். அது அவர் கடமை. அம்மாவுக்கு வேலை வைக்கிறோமே என்று தயங்கினால் வெங்காயத்தை அவர் உரிக்கட்டும்.

ஜூன் பிறந்ததும் மாமியாருக்குப் போன் செய். 'மாமி, இந்தத் தடவை நாங்கள் எதுவும் சமைத்துக் கொண்டுவரவில்லை. என்னென்ன சாமான் வாங்கி வரட்டும்?' என்று கேள். முதல் தடவை 'ஒன்றும் வேண்டாம்' என்றுதான் சொல்வார். மறுநாளும் செய்.