மதிப்பெண் எடுத்த மகளின் ஆய்வறிக்கை ஏன் திரும்பி வந்தது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கடிதமும், அதனுடன் வைத்திருந்த ஆய்வறிக்கைப் பக்கங்களின் நகலும் கிடைத்தன. பன்னிரண்டாம் வகுப்பிலும் பட்டப்படிப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்ற மகள், எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்ப இறுதிப் பருவத்தில் எழுதிய ஆய்வறிக்கையை நெறியாளர் இரண்டாவது முறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும், பள்ளியில் தமிழ் வழியில் படித்ததுதான் இதற்குக் காரணமோ என்று வீட்டில் எல்லோரும் கலங்கியிருக்கிறீர்கள் என்றும், உடனே ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். சேர்க்க வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் மகளும் படிக்கட்டும்.

நெறியாளர் பக்க ஓரங்களில் எழுதியிருப்பவற்றை நிதானமாகப் பார்த்தேன். 'எவ்வளவு?', 'ஆதாரம் எங்கே?', 'இது நீங்கள் கண்டதா, நினைப்பதா?', 'இந்தப் பத்தி எதற்கு?' என்பவையே அவற்றுள் பெரும்பாலானவை. இலக்கணத் திருத்தங்களும் இருக்கின்றன, ஆனால் அவை குறைவு; ஒரு மாலை நேரத்தில் சரிசெய்துவிடக்கூடியவை. ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர்களின் முதல் ஆய்வறிக்கைகளிலும் இதே கேள்விகள்தான் எழுதப்பட்டிருக்கும். குறை மொழியில் இல்லை. இதுவரை அவர் எழுதிப் பழகிய எழுத்து ஒரு வகை. இப்போது அவரிடம் கேட்கப்படுவது வேறொரு வகை. அந்த வேற்றுமையை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பள்ளியிலும் இளநிலைப் படிப்பிலும் நம் பிள்ளைகள் எழுதுவது விடைத்தாள். அதைப் படிப்பவருக்கு விடை முன்கூட்டியே தெரியும். எழுதியவருக்கும் தெரியுமா என்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை. எனவே தெரிந்த அனைத்தையும் எழுதுவதும், பக்கங்களை நிரப்புவதும், துணைத்தலைப்புகளுக்கு அடிக்கோடிடுவதும் அங்கே பலன் தரும். ஆய்வறிக்கையைப் படிப்பவருக்கோ விடை தெரியாது. அவர் உங்கள் மகளைச் சோதிக்கவில்லை. உங்கள் மகள் சொல்வதை நம்பலாமா என்று சோதிக்கிறார். அதே சோதனையை வேறோர் ஆய்வகத்தில் தாமே செய்து பார்க்க விரும்பினால் அதற்கு வேண்டிய விவரம் எல்லாம் இருக்கிறதா என்று தேடுகிறார். அத்தகைய வாசகருக்கு, பாக்டீரியா என்றால் என்ன என்று தொடங்கும் பல பக்க முன்னுரை வீண். எந்த வெப்பநிலையில், எத்தனை மணி நேரம், எத்தனை முறை திரும்பச் செய்யப்பட்டது என்ற ஒற்றை வரி இன்றியமையாதது. உங்கள் மகளின் பக்கங்களில் முன்னது இருக்கிறது, பின்னது இல்லை.

ஒவ்வொரு துறையும் தன் வேலைக்கு ஏற்ப எழுத்து வழக்கத்தை அமைத்துக்கொள்கிறது. தமிழ்த் துறை ஆய்வாளர் சங்கப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டும்போது 'குறுந். 40' (குறுந்தொகை, 40ஆம் பாடல்) என்று பாடல் எண்ணைத் தருகிறார். படிப்பவர் கையில் எந்தப் பதிப்பு இருந்தாலும் பாட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் பக்க எண்ணுக்கு அங்கே வேலை இல்லை. வழக்கறிஞர் கேசவானந்த பாரதி தீர்ப்பை 'ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461' என்று குறித்தால், எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு, எந்த நீதிமன்றம், எந்தப் பக்கம் என்று அனைத்தும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன. உளவியல் துறையினர் ஆசிரியர் பெயருடன் ஆண்டையும் சேர்த்தே எழுதுவர். சான்று பழையதா புதியதா என்பது அவர்களுக்கு உடனே தெரிந்தாக வேண்டும். மின்னியல் பொறியாளர்கள் சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றனர். மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய வெற்றுச் சடங்குகளாகக் கருதி வெறுக்கின்றனர். யாருக்கு எது தேவைப்பட்டு இந்த வழக்கம் வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டால் பாதி வெறுப்பு குறைந்துவிடும்.

உங்கள் மகளின் துறையில் அறிமுகம், முறைகள், முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு நிலைத்துவிட்டது. இது ஆதிகாலம் முதல் இருந்துவரும் விதி அன்று. லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் தொடங்கிய ஆய்விதழில் வெளிவந்தவற்றுள் பல, ஓர் அறிஞர் இன்னொருவருக்கு எழுதும் கடிதத்தின் நடையிலேயே இருந்தன. மருத்துவ இதழ்களில் இந்த நான்கு பகுதி அமைப்பு ஏறக்குறைய பொதுவிதியானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். ஆய்வுகள் பெருகிப் படிக்க நேரம் குறைந்தபோது, வேண்டிய பகுதியை மட்டும் திறந்து பார்க்கும் வசதி தேவைப்பட்டது. பலர் சுருக்கத்தைப் படித்து, படங்களையும் அட்டவணைகளையும் பார்த்துவிட்டு, ஐயம் எழுந்தால் மட்டும் முறைகள் பகுதிக்குப் போகின்றனர். அதனால்தான் முடிவுகள் பகுதியில் கண்டதை மட்டும் எழுத வேண்டும், அதன் பொருளை விவாதத்தில் எழுத வேண்டும் என்று நெறியாளர் கறாராக இருக்கிறார். இரண்டையும் கலந்துவிட்டால், எது அளவீடு, எது ஊகம் என்று பிரித்தறிய வாசகருக்கு வழியில்லாமல் போய்விடும்.

அறிமுகப் பகுதிதான் மாணவர்களை அதிகம் வருத்துகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ், பல துறைகளின் ஆய்வுக் கட்டுரை முன்னுரைகளை ஆராய்ந்து, அவற்றில் மூன்று நகர்வுகள் திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக்காட்டினார்: முதலில் இந்தப் பொருள் ஏன் கவனிக்கத்தக்கது என்று நிறுவுதல், அடுத்து இதுவரை செய்தவற்றில் எது விடுபட்டிருக்கிறது என்று காட்டுதல், கடைசியாக அந்த இடைவெளியில் இந்த ஆய்வு என்ன செய்கிறது என்று சொல்லுதல். உங்கள் மகளின் அறிமுகத்தில் முதல் நகர்வு நான்கு பக்கம் நீள்கிறது. இரண்டாவது இல்லவே இல்லை. மூன்றாவது ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. 'இந்தப் பத்தி எதற்கு?' என்று நெறியாளர் கேட்பது இதைத்தான். முன்னோர் ஆய்வில் குறை சொல்வது மரியாதைக்குறைவு என்ற தயக்கம் நம் மாணவர்களிடம் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னது இதுவரை ஆராயப்படவில்லை என்று சொல்வது யாரையும் பழிப்பதாகாது. அந்தத் துறையில் அது ஒரு வழக்கமான நடைமுறை.

இதற்கு மறுபக்கமாக, தம் முடிவைப் பற்றிப் பேசும்போது மட்டும் உங்கள் மகள் அளவு மீறித் துணிந்துவிடுகிறார். ஒரு மூலிகைச் சாறு ஆய்வகத் தட்டு ஒன்றில் பாக்டீரியா வளர்ச்சியைத் தடுத்தது என்பதிலிருந்து, அது நோய்க்கு மருந்தாகும் என்று 'நிரூபிக்கப்பட்டுள்ளது' என எழுதியிருக்கிறார். வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை 1953 ஏப்ரல் 25 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஒரு பக்கத்திற்குச் சற்றே மிகுந்த கட்டுரையாக வெளியிட்டபோது, ஓர் அமைப்பை முன்வைக்க விரும்புகிறோம் என்றுதான் தொடங்கினர். மரபுச் செய்தி எவ்வாறு நகலாகிறது என்ற மாபெரும் கேள்வியைத் தொடும்போதும், ஒரு சாத்தியமான வழியை இந்த அமைப்பு உணர்த்துவது தங்கள் கவனத்திற்குத் தப்பவில்லை என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டனர். கையில் உள்ள சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்வது என்ற கட்டுப்பாடு அது. 'இந்தச் செறிவில், இந்த வகைப் பாக்டீரியாவின் வளர்ச்சி குறைந்தது' என்று எழுதினால் உங்கள் மகளின் ஆய்வு சிறிதாகிவிடாது, படிப்பவர் நம்பக்கூடியதாகிவிடும்.

வேலைக்குப் போனால் இதெல்லாம் தேவைப்படுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அங்கே வேறு வழக்கங்கள் காத்திருக்கின்றன. மருந்து உற்பத்தி நிறுவனமொன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தால், பேட்ச் ரெக்கார்டில் (ஒவ்வொரு தொகுதி மருந்தின் தயாரிப்பையும் பதியும் ஏட்டில்) பிழையாக எழுதிய எண்ணை அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. பழைய எண் படிக்கும்படி தெரிய ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியான எண்ணை அருகில் எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். வேலையைச் செய்யும்போதே பதிவும் செய்ய வேண்டும். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புவது, எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தாலும், குற்றமாகக் கருதப்படும். கல்லூரி ரெக்கார்டு நோட்டை அழகாகப் பிரதி எடுத்துப் பழகிய கைக்கு இது முதலில் விநோதமாகத் தோன்றும். சில ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு அந்தப் பக்கம்தான் சாட்சி என்பது புரிந்தால் விநோதம் விலகிவிடும்.

மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கையில் முக்கியமானதை எங்கே வைப்பது என்பது இன்னொரு பாடம். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் புறப்பட்டபோது வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து உடைந்த நுரைத்துண்டு அதன் இடது இறக்கையில் மோதியது. அதனால் ஆபத்து உண்டா என்று மதிப்பிட்ட போயிங் பொறியாளர்கள் நாசாவுக்குக் காட்டிய பவர்பாயிண்ட் பக்கம் ஒன்றில், தலைப்பு நம்பிக்கை ஊட்டும் விதத்தில் இருந்தது. மோதிய துண்டின் கன அளவு ஏறத்தாழ 1920 கன அங்குலம், முன்பு சோதித்துப் பார்த்ததோ வெறும் 3 கன அங்குலம் என்ற அச்சமூட்டும் செய்தி, அடுக்கடுக்கான குறிப்புகளுக்கு அடியில் கடைசி வரிக்குத் தள்ளப்பட்டிருந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் உயிரிழந்தனர். விபத்துக்குக் காரணங்கள் பல. எழுத்து மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மூத்த மேலாளர், உயிராபத்தைப் பற்றித்தான் இது பேசுகிறது என்று உணராமல் போவதற்கு இடமிருக்கிறது என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் தனியே எடுத்துக் குறிப்பிட்டது. பொருள் தெரிந்த பொறியாளர்கள் எழுதியதுதான் அது. மொழிப் பிழை எதுவும் இல்லை.

இனி, என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். நெறியாளரின் ஆய்வகத்திலிருந்து அண்மையில் வெளிவந்த இரண்டு அல்லது மூன்று கட்டுரைகளை உங்கள் மகள் எடுத்துக்கொள்ளட்டும். உயிரியல், மருத்துவக் கட்டுரைகள் பல பப்மெட் சென்ட்ரல் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பொருளைத் தெரிந்துகொள்ள ஏற்கெனவே படித்திருப்பார். இப்போது எழுத்தைக் கவனிக்கப் படிக்க வேண்டும். அறிமுகத்தின் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் எதிரே, அந்த வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்று தமிழிலேயே ஓரிரு சொற்களில் குறித்துக்கொண்டு போகலாம்: 'முக்கியத்துவம்', 'முந்தைய ஆய்வு', 'குறை', 'எங்கள் நோக்கம்' என்பதுபோல. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஏராளமாக உள்ளன. அத்தியாயங்களின் வரிசையைப் பார்க்க அவை உதவும். நடைக்கு முன்மாதிரியாக எல்லாவற்றையும் கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சில படிக்கவே தகாதவை.

சிறந்த வாக்கியங்களைக் கண்டால் அப்படியே எடுத்து ஒட்டும் ஆசை வரும். எழுத்துத் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்த 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் முதுநிலை ஆய்வறிக்கைகளுக்கும் பொருந்தும். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய அறிக்கையைக் கூடச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். பத்து சதவீதம் வரை எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு என்று இதற்குச் சில மாணவர்கள் பொருள் கொள்கின்றனர், அது தவறு. கல்லூரிகளைச் சுற்றி முளைத்திருக்கும் புராஜெக்ட் சென்டர்களில் பணம் கொடுத்து எழுதி வாங்குவதைப் பற்றி உங்களிடம் யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்துவதானால் துறையின் விதி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அவை இல்லாத கட்டுரைகளுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் கொடுத்துச் சான்று காட்டிவிடுவதுண்டு என்பதால், சான்றுப் பட்டியலை மட்டும் அவற்றிடம் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது.

எழுதும் வரிசையையும் மாற்றச் சொல்லுங்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை எழுதி, எண்பது பக்கத்தையும் ஒன்றாகக் கொண்டுபோய் நெறியாளர் மேசையில் வைத்தால், அவருக்கும் சலிப்பு, திரும்பி வரும்போது இவருக்கும் சோர்வு. தாமே கையால் செய்த வேலையைப் பற்றியது என்பதால் முறைகள் பகுதி எழுத எளிது. அடுத்து அட்டவணைகளும் படங்களும், அவற்றை ஒட்டி முடிவுகள், பிறகு விவாதம், அதன்பின் அறிமுகம், எல்லாவற்றுக்கும் கடைசியில் சுருக்கம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதை மட்டும், முதலில் ஆய்வகத்தில் உள்ள முனைவர் பட்ட மாணவர் ஒருவரிடமும் பிறகு நெறியாளரிடமும் காட்டலாம். 'எப்படி இருக்கிறது?' என்று பொதுவாகக் கேட்டால் 'பரவாயில்லை' என்ற விடைதான் வரும். 'இதைப் படித்து இந்தச் சோதனையை உங்களால் திரும்பச் செய்ய முடியுமா?' என்று கேட்கச் சொல்லுங்கள்.

நெறியாளர் கடுமையானவர் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் இரண்டு முறையும் பக்கத்திற்குப் பக்கம் ஓரக்குறிப்பு எழுதித் திருப்பியிருக்கிறார். படிக்காமலே கையொப்பமிட்டுத் தள்ளிவிடுபவர்களும் உண்டு என்பதால் இதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் நேரில் போய் அவரைச் சந்திக்க நினைத்திருப்பது இப்போதைக்கு வேண்டாம். முதுநிலை மாணவிக்காகத் தந்தை வந்து பேசுவது உங்கள் மகளுக்கே சங்கடமாக இருக்கும். சமர்ப்பிக்க இன்னும் ஏழு வாரம் இருப்பதாகத் தெரிகிறது, அது போதும். இந்த வாரம் முறைகள் பகுதியை மட்டும் புதிதாக எழுதி, அதைத் தனியாகப் பார்த்துத் தர இயலுமா என்று நெறியாளருக்கு உங்கள் மகளே நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பட்டும். அறிமுகத்தை இப்போது தொட வேண்டாம்.

அன்புடன்,
கல்வி ஆலோசகர்