பக்கத்து அறையில் அப்பா

கேள்வி: எழுபத்து நான்கு வயது அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்தால் 100 பேரில் 90 பேர் பிழைத்துவிடுகிறார்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். சரி என்றேன். அண்ணன் வேறொரு டாக்டரிடம் விசாரித்தார். 100-க்கு 10 பேர் ஆபரேஷனோடு போய்விடுகிறார்கள் என்றாராம். வேண்டவே வேண்டாம் என்கிறார். அப்பா பக்கத்து அறையில் படுத்திருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். இரண்டும் ஒரே கணக்குதானே, அண்ணனுக்கு ஏன் புரியவில்லை?

பதில்: உங்களுக்கு மட்டும் புரிந்துவிட்டதா? உங்கள் காதில் 90 விழுந்தது, அவர் காதில் 10 விழுந்தது. டாக்டர்கள் மாறியிருந்தால் பேச்சும் மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன். இதே நோயை வைத்து அமெரிக்காவில் ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளரும் சிலரும் செய்த ஆய்வு 1982-இல் வெளிவந்தது. அறுவையா, கதிர்வீச்சா என்று கேட்டார்கள். சிலரிடம் பிழைப்பவர் எண்ணிக்கையைச் சொன்னார்கள், சிலரிடம் இறப்பவர் எண்ணிக்கையை. பிழைப்பைக் கேட்டவர்களைவிட இறப்பைக் கேட்டவர்களில் கதிர்வீச்சுப் பக்கம் ஒதுங்கியவர்கள் அதிகம். டாக்டர்களும் அதில் இருந்தார்கள். படிப்பு அவர்களையும் காப்பாற்றவில்லை. அண்ணனை விடுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்தச் சாத்திய கதவு. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய நுரையீரல் அது? உங்களை வளர்த்து ஆளாக்கிய மனுஷர், தன் உயிரைப் பற்றிய பேச்சைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு முணுமுணுப்பாகக் கேட்க வேண்டுமா? அவர் தூங்கியிருப்பார் என்று நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. பயப்படுவார் என்பீர்கள். பயந்தது நீங்கள் இரண்டு பேரும்தான். செய்து ஏதாவது ஆகிவிட்டால் நம்மால் ஆனது. செய்யாமல் ஆனால் விதி. பழி தன் தலையில் விழாத பக்கம் மனசு தானாகவே சாயும். உங்கள் அண்ணன் கோழை இல்லை, அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார், அவ்வளவுதான். நீங்களும் சண்டையில் ஜெயிப்பதற்காக 90-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஒரு வருஷத்தில், ஐந்து வருஷத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? கடிதத்தில் ஒரு வரி இல்லை. இரண்டு மணி நேரம் எதை வைத்துச் சண்டை போட்டீர்கள்? அப்பாவின் வயதுக்கும் உடம்புக்கும் அந்த 90 பொருந்துமா என்றாவது கேட்டீர்களா?

நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள், அண்ணனும் கூட இருக்கட்டும். அப்புறம் இரண்டு பேரும் அப்பாவின் கட்டிலில் போய் உட்காருங்கள். ஒரு தாளில் நூறு புள்ளி வையுங்கள், பத்தைக் கறுப்பாக்குங்கள். ஆபரேஷன் இல்லாவிட்டால் எப்படி என்பதற்கு இன்னொரு தாள். இரண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். பெற்றவருக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டியது இதுதான். அவருக்குப் பதிலாக முடிவெடுப்பது கடமை ஆகாது. அவர் வேண்டாம் என்றால் உங்களுக்கு வலிக்கும், வேண்டும் என்றால் அண்ணனுக்கு வலிக்கும். தாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று எனக்கு எழுதுங்கள்.